தலைக்கு மேல் போகும்வரை ஏன் காத்திருக்கிறோம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி சில மாதங்களாக ஏறிக்கொண்டே போகிறது, ஸ்டேட்மென்ட் வந்தால் திறப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு வேலை பின்தங்கிவிட்டது, மேலாளருக்கு இன்னும் தெரியாது. அண்ணனோடு மனத்தாங்கல், பேச்சு நின்றுபோயிருக்கிறது. ராத்திரி தூக்கம் சரியில்லை. "ஒவ்வொன்றும் சின்னதாக இருந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் தலைக்கு மேல் போன பிறகுதான் கை வைக்கிறேன். நான் சோம்பேறியா? மற்றவர்கள் எப்படி முன்கூட்டியே சமாளிக்கிறார்கள்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். பிரச்சினையை எப்படித் தீர்ப்பது என்று நீங்கள் எங்கேயும் கேட்கவில்லை. கார்டு கடனுக்கு என்ன செய்யலாம் என்று வேறொருவர் உங்களிடம் வந்து கேட்டால் நன்றாகவே வழி சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் கை போக மாட்டேன் என்கிறது, எந்தக் கட்டத்தில் இறங்கியாக வேண்டும் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது, இந்த இரண்டும்தான் உங்கள் கேள்வி. உளவியல் ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கடன், குடும்பம், வேலை என்று என்ன பெயரில் வந்தாலும், என் முன்னால் உட்காருகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஆய்வுகள் காட்டியது எது, நான் வேலையில் பார்த்துச் சேர்த்துக்கொண்டது எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சோம்பேறித்தனம் பற்றி. நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளமே இல்லை. சோம்பேறிக்கு ராத்திரி தூக்கம் கெடாது. நடப்பது என்னவென்றால், ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பிசைவு வருகிறது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். அந்த நொடியே பிசைவு அடங்குகிறது. அந்த நிம்மதி நிஜமானது. மூளை அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது: கவிழ்த்து வைத்தால் வலி போகும். அடுத்த முறை இன்னும் வேகமாகக் கை போனைக் கவிழ்க்கும். பயத்தைத் தவிர்ப்பதால் கிடைக்கும் நிம்மதிதான் தவிர்ப்பையே வளர்க்கிறது என்பது நடத்தை உளவியலில் மிகப் பழைய, மிக உறுதியான விஷயங்களில் ஒன்று. தள்ளிப்போடுவதை ஆராய்ந்த ஃபூஷியா சிரோயிஸ், டிம் பிச்சில் இருவரும் 2013ல் எழுதிய கட்டுரையில் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: தள்ளிப்போடுகிறவர் நேரத்தைச் சரிசெய்யத் தெரியாதவர் என்பதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்கிறவர் என்பதே பொருந்தும். அதனால்தான் புது டைரி, புது ஆப், அலாரம் எதுவும் உங்களுக்கு நாலு நாளுக்கு மேல் உதவுவதில்லை. அவையெல்லாம் நேரத்துக்கான மருந்து.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். டயான் டைஸ், ராய் பாமெய்ஸ்டர் இருவரும் 1997ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைப் பருவத் தொடக்கத்திலும் கடைசியிலும் கவனித்தார்கள். தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட அழுத்தம் குறைவாகவும் ஆரோக்கியமாகவும் இருந்தார்கள். கடைசியில் அது தலைகீழானது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அவர்களுக்குத்தான் நோயும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. அந்தத் தொடக்க நிம்மதிதான் ஏமாற்று. முதல் மாதத்தில் எதுவும் ஆகவில்லை என்பதால் இரண்டாவது மாதமும் அப்படியே விடுகிறோம்.

சரி, எப்போது இறங்க வேண்டும்? பெரும்பாலோர் பிரச்சினையின் அளவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்: இது இன்னும் சின்னதுதான், பெரிதானால் பார்ப்போம். அளவு மோசமான அளவுகோல், ஏனென்றால் பார்க்காமல் இருக்கும் ஒன்றின் அளவு நமக்கு எப்படித் தெரியும்? நான் பார்ப்பது வேறொன்றை. எப்போது ஒரு விஷயத்தை மறைக்க ஆரம்பிக்கிறோமோ, அதுதான் என் கணக்கில் அபாய மணி. இது எந்த ஆய்வும் தந்த விதி கிடையாது. நான் வேலையில் பார்த்துப் பார்த்து நம்ப ஆரம்பித்தது. கணவரோ மனைவியோ "அந்தக் கார்டு விஷயம் என்ன ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்கும்போது "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்கிறோமே, பார்க்காமலே, அந்தப் பதில். மேலாளர் "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்க, உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் அந்தப் பதில். பொய் என்று சொல்லக்கூட முடியாத அளவுக்குச் சின்னது. ஆனால் அன்றிலிருந்து உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு பிரச்சினை: பழைய பாக்கி ஒன்று, சொன்ன பதிலைக் காப்பாற்ற வேண்டிய வேலை ஒன்று. என் அனுபவத்தில் ஆட்களை மூழ்கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். கடனை ஒத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள்கூட, அதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்து இன்னும் ஆறு மாதம் ஓட்டுகிறார்கள்.

மறைப்பு தொடங்குவதற்கும் முன்னால் சில சின்ன அறிகுறிகள் வரும். போனில் ஒரு குறிப்பிட்ட பெயர் ஒளிர்ந்தால் எடுக்க மனமில்லாமல் போவது. ஒரே ஆளிடம் ஒரே வாக்குவாதத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப நடத்துவது, அதில் ஒவ்வொரு முறையும் நாமே ஜெயிப்பது. சம்பந்தமே இல்லாத வேலைகளில் திடீர் சுறுசுறுப்பு வருவது. வீட்டில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுவது. இவை யாருக்கும் எப்போதாவது வரும். ஒரே விஷயத்தைச் சுற்றி ஒன்றிரண்டு வாரம் விடாமல் வந்தால், அந்த விஷயத்தைக் காகிதத்தில் எழுதும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்: "இதைப் பற்றி நான் யோசிக்காத நாளே இல்லை." நம்புகிறேன். ஆனால் யோசிப்பதும் கவனிப்பதும் ஒன்றல்ல. கவலைப்படும்போது வேலை செய்வதுபோன்ற ஓர் உணர்வு வரும், அதுதான் சிக்கல். மனசுக்குள் அரைத்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தைப் பற்றி சூசன் நோலன்-ஹோக்ஸெமா செய்த ஆய்வு ஒன்று மறக்க முடியாதது. கலிபோர்னியாவில் 1989 அக்டோபரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, வேறொரு காரணத்துக்காக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் மனநிலையையும் வருத்தம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் அவர் கேள்வித்தாள் வைத்துக் கேட்டிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்களையே மறுபடி கேட்டபோது, முன்பே அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. முன்பிருந்த மனநிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

இரண்டையும் பிரிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி ரொம்பச் சாதாரணமானது. இருபது நிமிடம் யோசித்த பிறகு கையில் புதிதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முடிவு, ஒரு தேதி, யாரிடமாவது கேட்க வேண்டிய ஒரு கேள்வி, இவற்றில் ஒன்றாவது இருந்தால் அது யோசனை. போன வாரம் நினைத்ததையே மறுபடி நினைத்திருந்தால் அரைப்பு. அரைப்பு எப்போதும் "ஏன்" என்றே கேட்கும்: எனக்கு மட்டும் ஏன், அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் இப்படி இருக்கிறேன். "எவ்வளவு, எப்போதைக்குள், யாரிடம்" என்று கேள்வியை மாற்றினால் அதே விஷயம் கொஞ்சம் நகரும். ராத்திரியில் இது முடியாது. படுக்கையில் வரும் கவலைகளுக்கு, டாமஸ் போர்கோவெக்கும் அவரோடு இருந்தவர்களும் 1983ல் சோதித்த முறை இன்றும் பயன்படுகிறது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது, மற்ற நேரத்தில் வருவதை அந்த அரை மணிக்கு ஒத்திவைப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். நான் பரிந்துரைத்தவர்களில் பலருக்கு ஒரு வாரத்திலேயே ராத்திரிகள் கொஞ்சம் லேசாகியிருக்கின்றன, சிலருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இனி செய்ய வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட ஒரு கையேடு இருக்கிறது. மனநல நிபுணர் இல்லாத இடங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஐந்து சந்திப்புகளில் சொல்லித்தரும்படி அமைத்தது. அதன் மையத்தில் இருப்பது ஒரு எளிய வேலை: மனதில் உள்ள எல்லாப் பிரச்சினைகளையும் வரிசை பார்க்காமல் எழுதி, அவற்றை மூன்றாகப் பிரிப்பது. நம்மால் ஏதாவது செய்ய முடிந்தவை, நம் கையில் இல்லாதவை, உண்மையில் அவ்வளவு முக்கியமில்லாதவை. பிறகு முதல் குவியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, நல்லதோ கெட்டதோ தோன்றும் வழிகளையெல்லாம் எழுதி, ஒன்றைத் தேர்ந்து, எந்த நாளில் என்ன செய்வது என்று வகுத்து, செய்து, அடுத்த முறை என்ன ஆனது என்று பார்ப்பது. இதன் வேர் டிசுரில்லா, கோல்ட்ஃபிரைட் என்ற இருவர் 1971ல் எழுதிய கட்டுரை வரை போகிறது.

இவ்வளவு எளிமையான ஒன்று வேலை செய்யுமா என்றால், செய்கிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சைப் போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்கார வைத்தார்கள். ஒருவருக்கு ஆறு சந்திப்பு வரை. பிரச்சினைகளை வரிசைப்படுத்து, ஒன்றை எடு, ஒரு வழியைத் தேர்ந்தெடு, இதுதான் நடந்தது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2016ல் வெளியானது. 573 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பும் மனநலம் பற்றிய தகவலும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் அது 13.7 சதவீதம். வித்தியாசம் அவ்வளவும் பட்டியலால் மட்டுமே வந்தது என்று சொல்ல மாட்டேன். கேட்க ஒரு ஆள் இருந்தார் என்பதும், மறு வாரம் "என்ன ஆச்சு?" என்று விசாரிக்க ஒருவர் இருந்தார் என்பதும் அதில் கலந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. மிகப் பெரியதிலிருந்து தொடங்கு என்பார்கள் சிலர், மிக எளிதிலிருந்து என்பார்கள் சிலர். நான் கேட்பது, எதில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது? வாடகைக் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் கட்டணம் ஏறுவதுபோல, சில பிரச்சினைகள் நாம் ஒன்றும் செய்யாவிட்டாலே வளரும். வட்டி ஓடும் கடன், கெடு தேதி உள்ள வேலை, உடம்பில் புதிதாகத் தெரியும் கட்டி, கூடிக்கொண்டே போகும் குடி. சில அப்படியே நிற்கும்: அலமாரியைச் சரிசெய்வது, பிடிக்காத வேலையை விடலாமா என்ற யோசனை. சில தானாகவே கரையும், ஒரு சக ஊழியரின் கடுப்பான மின்னஞ்சல் போல. உங்கள் பட்டியலில் கார்டு பாக்கியும் அலுவலக வேலையும் முதல் வகை. அண்ணன் விஷயத்தை நான் நடுவில் வைப்பேன். ஒரு வருடம் ஆகும்போது அதுவும் தானாக வளரும், ஆனால் இந்த வாரம் அவசரமில்லை. தூக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. எல்லாவற்றையும் முளையிலேயே கிள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி வாழ முயல்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். கூட இருப்பவரின் முகம் கொஞ்சம் வாடினால் உடனே "என்ன, ஏதாவது பிரச்சினையா, பேசித் தீர்த்துவிடலாம்" என்று உட்கார வைப்பவர்கள். அவர்களோடு வாழ்வது பெரிய பாடு. உறவுகளில் பல எரிச்சல்கள் ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். மூன்றாவது முறையாக அதே விஷயம் அதே இடத்தில் குத்தினால் பேசுங்கள். முதல் முறையே பேசினால் அது பல சமயம் களைப்பின் பேச்சாகத்தான் இருக்கும்.

எடுத்த ஒன்றில் முதல் அடி என்ன? தெரிந்துகொள்வதையும் தீர்மானிப்பதையும் இரண்டு தனித்தனி நாட்களுக்குப் பிரியுங்கள். இதுதான் என்னிடம் உள்ள ஒரே கைவைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட்டைத் திறக்க முடியாததற்குக் காரணம், திறந்த கையோடு முடிவும் எடுத்தாக வேண்டும் என்று மனம் நினைத்துக்கொள்வது. எனவே இன்று திறந்து, மொத்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற நாலையும் ஒரு தாளில் எழுதி மூடிவிடுங்கள். இன்று வேறு எதுவும் செய்யக் கூடாது. பயந்ததைவிடத் தொகை குறைவாக இருப்பதும் உண்டு, கூடுதலாக இருப்பதும் உண்டு. இரண்டிலும் ஆட்கள் அடுத்த நாள் கொஞ்சம் நிமிர்ந்து வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். எண் தெரிந்த கடனோடு சண்டை போடலாம். இரண்டாம் நாள்தான் முடிவு. கடன் கொடுத்தவரிடமோ மேலாளரிடமோ பேச வேண்டியிருந்தால், கெடு தாண்டுவதற்கு முன் பேசுவதற்கும் தாண்டிய பின் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னால் பேசினால் உங்களிடம் இன்னும் சில வழிகள் மிச்சம் இருக்கும், எதிரில் இருப்பவருக்கும் கோபம் ஏறியிருக்காது. மேலாளரிடம் விளக்கம் வேண்டாம். "இது பின்தங்கிவிட்டது, இவ்வளவு முடிந்திருக்கிறது, இந்தத் தேதிக்கு முடியும், இந்த ஒரு உதவி இருந்தால் அதற்கும் முன்னால் முடியும்." நாலு வரி போதும்.

"செய்யப் போகிறேன்" என்பதைவிட "புதன்கிழமை காலை கணினியைத் திறந்ததும் முதலில் இதைச் செய்வேன்" என்று எழுதுவது பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006ல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த "இது நடந்தால் இதைச் செய்வேன்" வகைத் திட்டத்தின் பலன் நடுத்தரத்துக்கும் மேல் என்றார்கள். மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் இருவரும் 2011ல் காட்டியது இன்னும் சுவாரஸ்யம்: முடிக்காமல் விட்ட வேலை மனசில் வந்து வந்து தொந்தரவு செய்வதை நிறுத்த, வேலையை முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே தொந்தரவு குறைகிறது. ஆனால் ஒரே நேரத்தில் பல இலக்குகளுக்கு இப்படித் திட்டம் போட்டால் பலன் தேய்ந்துபோகிறது என்று 2012ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அடுத்தது யாரிடமாவது சொல்வது. மறைப்புதான் அபாய மணி என்றால், ஒரே ஒரு ஆளிடம் சொல்வது அதை நிறுத்தும் என்பது எளிய கணக்கு. ஆனால் உதவி எப்போதும் உதவியாக இருப்பதில்லை. நியால் போல்ஜரும் அவருடைய சகாக்களும், பெரிய வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினசரி குறிப்பு எழுத வைத்து 2000ல் வெளியிட்ட ஆய்வில், துணைவர் செய்தும் தேர்வு எழுதுகிறவர் கண்ணில் படாத உதவிதான் நன்றாக வேலை செய்தது. உதவுகிறார் என்று தெரிந்த உதவி சில நேரம் மனச்சுமையைக் கூட்டியது. நம்மால் முடியவில்லை என்பதை அது நினைவுபடுத்துகிறது போலும். அதனால் சொல்லும்போதே என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "எனக்கு யோசனை வேண்டாம். இந்தக் கவரைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்" என்று கேட்கலாம். கேட்டவர்கள் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. யாரிடம் சொல்வது என்றால், கேட்டவுடன் பயப்படாதவர், நாலு பேரிடம் சொல்லாதவர். நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பல சமயம் கொஞ்சம் தள்ளி இருப்பவரே நல்லது.

நிறையப் பேர் உங்களுக்குச் சொல்லப்போகும் சில யோசனைகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மனசில் உள்ளதைக் கொட்டி எழுதினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிவைத்த முறை அது, நாலு நாள் தொடர்ந்து பதினைந்து நிமிடம் எழுதுவது. ஜோவான் ஃபிராட்டரோலி 2006ல் 146 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் ரொம்பச் சின்னது. எழுதப் பிடித்தால் எழுதுங்கள், அதையே நம்பி இருக்க வேண்டாம். கவலைகளில் 91 சதவீதம் நடப்பதே இல்லை என்ற எண்ணும் இணையத்தில் சுற்றுகிறது. அது 2020ல் வந்த ஓர் ஆய்வின் எண். பொதுப் பதற்றக் கோளாறு, அதாவது எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் நோய், உள்ள 29 பேர், தாங்களே எழுதிவைத்த கவலைகளைத் தாங்களே பிறகு சரிபார்த்தது. அவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. வட்டி ஏறும் கார்டுக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து "நான் எதைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறேன்?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம், என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. அதற்கு ஆதாரம் என் அனுபவம் மட்டும்தான்.

தூக்கத்துக்கு வருகிறேன். தூக்கம் கெட்டது மற்ற மூன்றின் விளைவுதான், அவை தீர்ந்தால் இதுவும் தீரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அது விளைவாக மட்டும் நிற்பதில்லை. மனச்சோர்வு இல்லாதவர்களில் தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2011ல் வந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. வாரத்தில் பல ராத்திரிகள் இப்படிப் போய், மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால் அதைத் தனிப் பிரச்சினையாகவே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நான் மேலே சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. வருமானமே போதாத ஒருவருக்குப் பட்டியல் போடுவதால் வருமானம் கூடாது. அவருக்குத் தேவை பணமும் சட்ட உதவியும், மனசைச் சரிசெய்யும் யோசனையைச் சொல்வது அவமானப்படுத்துவது மாதிரி. வீட்டில் அடியும் மிரட்டலும் இருந்தால் "ஆரம்பத்திலேயே பேசித் தீர்" என்ற அறிவுரை ஆபத்தானது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு, பேச்சு இல்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன என்றால், பிரச்சினைகளைச் சமாளிக்கும் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம். அந்த நிலையில் பட்டியல் எழுத முடியவில்லையே என்று தன்னைத் திட்டிக்கொள்வது, காய்ச்சலில் நடக்க முடியாததற்குத் திட்டிக்கொள்வதற்குச் சமம். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்: கூட இருப்பவரிடம், மருத்துவமனையில், நீங்கள் இருக்கும் நாட்டின் உதவி எண்ணில். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வியைப் படித்து ஒரு மனிதரின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

மனநல உதவி தேடுவதிலும் இதே தள்ளிப்போடுதல் உண்டு. அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின் முடிவுகள் 2005ல் வந்தன. கடைசியில் உதவிக்குப் போனவர்களே, மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகள் தொடங்கி 6 முதல் 8 ஆண்டுகள், பதற்றக் கோளாறுகள் தொடங்கி 9 முதல் 23 ஆண்டுகள் கழித்துத்தான் போயிருந்தார்கள். போவதென்று முடிவு செய்தால், மேலே எழுதச் சொன்ன அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டு போங்கள். "எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை" என்ற முதல் அரை மணி மிச்சமாகும். முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன முறையில் வேலை செய்யப் போகிறோம், எத்தனை சந்திப்புக்குள் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் பேசிவிட்டு வந்தோம் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அப்படியே போனால் வேறொருவரைப் பாருங்கள், அதற்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.